சொக்கட்டுக்கு தமிழ்ல என்ன போடுறது? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

பொகவந்தலாவை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஸ்கூல் லேப்ல ஒரு பழைய டெஸ்க்டொப் படுத்துருச்சி. கழட்டி பாத்தா ப்ரொசசருக்கு பக்கத்துல உள்ள கெப்பாசிட்டர் (கரண்ட சேத்து வைக்கிற சின்ன டப்பா) நாலும் தலை வீங்கி, ஒண்ணு பழுப்பா கசிஞ்சி போட்லயே காஞ்சி கெடக்கு. வேற மதர்போட் தேடணும். சரி தேடுறதையே பாடமாக்கிருவோம்னு சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பக்க குறிப்பு எழுதுறேன். மதர்போட்டுக்கு தாய்ப்பலகைன்னு போட்டாச்சி, அது வரைக்கும் பிரச்சின இல்ல. மொத நிபந்தனை "சொக்கட் (போட்ல ப்ரொசசர் உக்காருற எடம்) ஒத்துப்போகணும்", அங்க நின்னுட்டேன். என்ன சொல் போடலாம்? வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டோகொப்பிக்கு குடுக்கணும், அன்னிக்கி கரண்டும் இருக்கணும்.

பண்டாரவளை மாஸ்டர் எழுதியது:

டீச்சர், தாய்ப்பலகை வரைக்கும் பிரச்சினை இல்லைன்னு எப்படி சொல்றீங்க? தாய் என்ற சொல்லுக்குப் பின்னால வல்லினம் வந்தா வேற்றுமையில இயல்பா (ஒற்று மிகாம) நிக்கும்னு தொல்காப்பியம் புள்ளிமயங்கியல்ல தனி விதியே இருக்கு, உரைகாரர் காட்டுறது தாய்கை, தாய்செவி. அப்படின்னா தாயினுடைய பலகை "தாய்பலகை"தான். ப் போட்டீங்கன்னா தாயாகிய பலகை. பலகையே தாயா, இல்ல தாய்க்குச் சொந்தமான பலகையா? இத முடிவு பண்ணாம சொக்கட்டுக்கு போகக்கூடாது.

கண்டியிலிருந்து, மொழிபெயர்ப்பு செய்யிறவர்:

மாஸ்டர், அப்ப தாய்ப்பால் தாயாகிய பாலா?

பண்டாரவளை மாஸ்டர்:

நல்ல கேள்வி. அதுக்குத்தான் நன்னூல் வருது, ய ர ழ ஒற்றுக்குப் பின்னால வேற்றுமையில மிகலாம்னு இடம் குடுத்துருச்சு. பிற்கால வழக்கு. எனக்கு உடன்பாடில்லை, ஆனா பாலை விட்டுருவோம்.

நுவரெலியாவிலிருந்து (ஊர் யாழ்ப்பாணம்):

டீச்சர், புதுசா ஒண்டும் தேட வேண்டாம். மின்சாரப் பாடத்தில செருகி, குதை எண்டுதானே நாங்கள் படிச்சனாங்கள். செருகி பிளக், குதை சொக்கட். அதையே போடுங்கோ. நாளைக்கு சோதினைப் பேப்பரில குதை எண்டு வந்தா பிள்ளை முழிக்கக் கூடாது.

பண்டாரவளை மாஸ்டர்:

குதை அருமையான சொல். வில்லுல நாண் மாட்டுற வெட்டுக்கு குதைன்னு பேர். ஒண்ணு இன்னொண்ணுல போய் பிடிச்சி நிக்கிற இடம், அதான் சொக்கட். இன்னும் போகலாம், குதம்பைன்னா தோடு மட்டும் இல்ல, தோடு போட துளைச்ச காதுமடலுக்கும் அதே பேர், ஆக குத்து, குதை, குதம்பை மூணும் ஒரே வேர்னு நான் முப்பது வருசமா சொல்லிக்கிட்டு வாரேன், யாரும் கேக்கல. குடை, குடைவு, குடுமி (கதவுக் குடுமி, அது இறங்குற குடுமிக்குழி) எல்லாத்தையும் சேத்துப் பாத்தா

(மீதி நாளைக்கு, இங்க மழை, லைன் கட்டாகுது.)

கண்டியிலிருந்து:

மாஸ்டர் மழைக்கு நன்றி. குதம்னு உயிரியல் பாடத்துல ஒரு உறுப்பு இருக்கே, அதையும் அந்த வேர்ல சேப்பீங்களா? பத்தாம் வகுப்பு பையன்க முன்னால "குதையை கவனமா திறக்கவும்"னு டீச்சர் சொல்லட்டும் பாப்போம், அன்னிக்கி பாடம் முடிஞ்சிது. என் வோட்டு சொக்கட். போர்த்துக்கீசக்காரன் குடுத்த கதிரையில, ஒல்லாந்தக்காரன் குடுத்த கந்தோர்ல உக்காந்துதான் தூய தமிழ் பேசுறோம்.

நுவரெலியாவிலிருந்து:

கதிரை வந்து நானூறு வருசம் இருக்கும் தம்பி. உங்கட சொக்கட் இப்பதான் படியேறுது. அதோட, கணனியா கணினியா எண்டே இன்னும் முடிவில்லாத சனம் நாங்கள்.

பண்டாரவளை மாஸ்டர்:

கணினி. இதுல விவாதமே கிடையாது.

ஹட்டன் ரிப்பேர் கடையிலிருந்து:

ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருக்கேன், யாராச்சும் அந்த சொக்கட்ட தொறந்து பாத்தீங்களா? டீச்சர்ட மெசின்ல சொக்கட் எல்ஜிஏ 775 வகை, ப்ரொசசர் இன்டெல் கோர் 2 டுவோன்னு சொன்னாங்க. அதுல துளையே இல்ல. ஊசி எல்லாம் போட் பக்கம் இருக்கு, 775 ஊசி, ப்ரொசசர் அடியில வெறும் தங்க நெற பொட்டுதான். கொண்டிய (பூட்டுற கம்பி) தூக்கி, மூடிய தொறந்து, ப்ரொசசர மேல வச்சி திரும்ப அழுத்தி பூட்டுறது. பழைய ஏஎம்டி கம்பனி ப்ரொசசர்ல தலைகீழ், ஊசி ப்ரொசசர்ல, துளை போட்ல. அப்ப குழி, துளை, குதைன்னு எதப் போட்டாலும் பாதிக்குத்தான் பொருந்தும். நான் கடப் பையனுக்கு சொல்றது "ஊசி மெத்தை". மெத்தையில கைய வைக்காதடான்னா உடனே புரியுது.

இன்னொண்ணு, சொல்ல விட இது முக்கியம். சொக்கட் ஒண்ணா இருந்தா போதும்னு எழுதிராதீங்க. 775 வந்தது 2004ல, பென்டியம் 4 காலம். அந்த காலத்து 915 சிப்செட் (ப்ரொசசர மத்த பாகங்களோட இணைக்கிற சில்லு) போட்ல கோர் 2 சும்மா உக்காரும், ஓடாது. ஜி41 சிப்செட் உள்ள போட் பாருங்க. அதுலயும் டிடிஆர்2 ரெம் போட்டது இருக்கு, டிடிஆர்3 ரெம் போட்டது இருக்கு, ரெம்ல உள்ள காடி (வெட்டு) எடம் மாறி இருக்கும், அமுக்குனா ஒடஞ்சிரும். புதுசா 1155 சொக்கட் போட் வாங்கிருவோம்னா ப்ரொசசரும் மாத்தணும், பழைய ஃபேனும் பூட்டாது, 775ல ஓட்டைக்கு ஓட்டை 72 மில்லிமீட்டர், அதுல 75. மூணு மில்லிமீட்டர்தானேன்னு வளைக்க பாத்து ஃபேன் கால ஒடச்சவங்க எங்கிட்ட வந்துருக்காங்க.

பண்டாரவளை மாஸ்டர்:

தம்பி சொன்ன கொண்டி, காடி ரெண்டும் தச்சர் வழக்கு. பாத்தீங்களா, சொல் பட்டறையில கெடக்கு, நாம அகராதியில தேடுறோம். ஆனா ஊசி மெத்தை கலைச்சொல் ஆகாது. ரெண்டு வகைக்கும் பொதுவா "பொருத்துவாய்" வைக்கலாம்.

கண்டியிலிருந்து:

வாயே இல்லன்னு இப்பதானே அண்ணன் சொன்னாரு.

பண்டாரவளை மாஸ்டர்:

இடம் என்ற பொருளில் வாய். ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்று. இலக்கணம் படிச்சவங்களுக்கு சொல்றேன்.

கண்டியிலிருந்து:

தோட்டத்துல தேயில வெட்டுறதுக்கு கவ்வாத்துங்கிறோம். சிப்பாய் அடிக்கிற கவாத்து அரபி, உருது வழியா வந்த சொல், இது அதுதானான்னு எந்த தொழிலாளியும் கேட்டதில்ல மாஸ்டர். கத்தி வெட்டுதான்னு பாத்தாங்க.

பொகவந்தலாவை டீச்சர்:

சண்ட போடாதீங்க, நாளைக்கு வெள்ளிக்கிழம. இன்னிக்கி பெரிய வகுப்பு புள்ளைங்க நாலு பேர வச்சி அந்த செத்த போட்டையே தொறந்து காட்டினேன். அண்ணன் சொன்ன மாதிரி கொண்டிய தூக்குனதும் மூடி எந்திரிச்சிச்சி. ஃபோன் கேமராவ பெருசாக்கி பாத்தா ஓரத்துல ஒரு ஊசி சாஞ்சிருக்கு. ஒரு மகள் தாவணில குத்தியிருந்த ஊக்க கழட்டி, மூச்ச புடிச்சிக்கிட்டு அத நிமித்திட்டா, எனக்குத்தான் கை நடுங்குச்சி. "கூட்ட மூடவா டீச்சர்"ன்னு கேக்குறா. கூடு. நான் சொல்லிக் குடுக்கல. மத்த மூணு பேரும் அதுக்கப்புறம் கூடுன்னே சொல்றாங்க.

நுவரெலியாவிலிருந்து:

கூடு வடிவான சொல்தான். ஆனா பெட்டிக்கும், அந்த வெளிக் கேசுக்கும், சனம் கூடு எண்டுதான் சொல்லுது. ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்கள்?

ஹட்டன் கடையிலிருந்து:

அது உண்ம. எங்கிட்ட "கூடு இருக்கா"ன்னு கேட்டா கேசத்தான் எடுத்துக் குடுப்பேன்.

பொகவந்தலாவை டீச்சர் (வெள்ளி):

எண்ணிப் பாத்தேன். குதை மூணு வோட்டு (நானும் சேத்து, பேப்பர்ல வரும்னுதான்), சொக்கட் ரெண்டு, பொருத்துவாய் ஒண்ணு. குறிப்புல குதைன்னு போட்டு, மொத எடத்துல மட்டும் சொக்கட்னும் எழுதிட்டேன். சிப்செட், ரெம் காடி, 72 மில்லிமீட்டர் எல்லாம் சேத்தாச்சி. கொப்பி எடுத்தாச்சி, இனி மாத்த முடியாது. வாயால கூடுன்னுதான் சொல்லப் போறேன், மாஸ்டர் மன்னிக்கணும்.

பண்டாரவளை மாஸ்டர்:

மன்னிச்சாச்சு. பொருத்துவாய் என்ற என் கருத்தில மாற்றம் இல்லை. தாய்ப்பலகைல ப் போட்டீங்களா?

ஹட்டன் கடையிலிருந்து:

டீச்சர், கண்டியில ஒரு கூட்டாளிட்ட பாவிச்ச ஜி41 ஒண்ணு இருக்காம், டிடிஆர்2 போட்டது. கெப்பாசிட்டர் தலை எல்லாம் தட்டையா இருக்கான்னு போட்டோ கேட்டுருக்கேன். பின்பக்க தகடும் (கேசுக்கு பின்னால வயர் குத்துற எடத்த சுத்தி மூடுறது) சேத்து கேளுங்க, அது இல்லாம வந்தா எலி பூரும்.