பூப்பந்துக்கு ஸ்பான்சர் பிடிப்பது எப்படி? மதுரைப் பக்கம் யாராவது சொல்லுங்கள்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லித் தருகிறோம். இறகுப்பந்து இல்லை, மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர், 24க்கு 12 மீட்டர் ஆடுகளம். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், இங்கே பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது.

சிக்கல் காசுதான். பந்து சீக்கிரம் பிரிந்து பஞ்சாகிவிடுகிறது. ஈரத்தில் விழுந்தால் கனத்துப்போய் அன்றைக்கு ஆகாது. மட்டைக்கு நரம்பு மாற்றுவது தனிச் செலவு. பள்ளி இடம் தருகிறது, பொருளுக்கு நிதி இல்லை என்கிறது.

போன ஜூனிலிருந்து அலைகிறோம். ஒரு ஜவுளிக்கடை பொங்கல் போட்டிக்குப் பெயர் போட்ட பனியன் கொடுத்தது, அதோடு சரி. விளையாட்டுச் சாமான் கடையில் தள்ளுபடி மட்டும். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு எமோஜிதான் வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "பார்க்க எத்தனை பேர் வருவாங்க?" நியாயமான கேள்விதான், பெற்றோரைத் தவிர யாரும் வருவதில்லை. தலைமையாசிரியரோ பள்ளிச் சுவரில் கடை பேனர் கூடாது என்கிறார்.

பேனர் இல்லாமலே ஒரு கடையை வருஷம் முழுக்கப் பள்ளி அணியோடு சேர்த்து வைத்தவர்கள் இருக்கிறீர்களா, பதிலுக்குக் கடைக்கு என்ன கொடுத்தீர்கள்?