கலைச்சொல் பரிந்துரை: மொத்த வரம்புச் சந்தை

> ‘கேப் அண்ட் டிரேட்’ என்பதற்கு ‘உச்சவரம்பு வணிகம்’ என்றே வைத்துவிடலாமே? நில உச்சவரம்பு எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

அண்ணாச்சி, தெரிந்த சொல் என்பதால்தான் தயங்குகிறேன். ‘கேப் அண்ட் டிரேட்’ என்பது, வெளிவிடும் வாயுவுக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைத்து, அதற்குள் விடுவதற்கான சீட்டுகளை வாங்கி விற்க விடும் முறை. நில உச்சவரம்பு குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனி: 1961 சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-இல் 15. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் சில 2009 முதல் நடத்தும் திட்டத்தில் எந்த மின்நிலையத்துக்கும் தனி வரம்பு கிடையாது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து விடும் கரியமில வாயுவுக்கு ஒரே வரம்பு, அதையும் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். ‘உச்சவரம்பு’ என்று போட்டால், தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு இவ்வளவு, நெய்வேலிக்கு இவ்வளவு என்று பங்கு வைப்பதாகத்தான் நம்ம பிள்ளைகள் படிப்பார்கள். ‘மொத்த வரம்பு’ என்றால் அந்தக் குழப்பமே இல்லை.

அப்புறம், ‘அலவன்ஸ்’. ‘உமிழ்வு உரிமை’ எனக்கு ஒப்பவில்லை. ஒரு டன்னுக்கு ஒன்று வீதம் வாங்கி, விட்ட வாயுவின் கணக்குக்கு ஈடாக அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டியது அது. கையில் வைத்திருப்பவருக்கு அது சொத்துரிமை ஆகாது என்று அந்த அமெரிக்கத் திட்டத்தின் விதியே சொல்கிறது. அதை உரிமை என்று எழுதிவிட்டால், நாளைக்கு வரம்பைக் குறைக்கும்போது “எங்கள் உரிமையைப் பறிக்கிறார்கள்” என்ற வாதத்துக்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்ததாகும். ‘உமிழ்வுச் சீட்டு’ போதும். சீட்டு என்றதும் மார்த்தாண்டம் பக்கம் சீட்டுக் கம்பெனிதான் நினைவுக்கு வரும் என்று எழுதியிருந்தீர்கள். முன்னால் ‘உமிழ்வு’ நிற்கிறதே, அது காப்பாற்றிவிடும்.

‘ஏலம்’ அப்படியே இருக்கட்டும், ஒரு விளக்கக் குறிப்போடு. சின்னமுட்டத்தில் மீனைக் கூறு வைத்துக் கூவி விலை ஏற்றுவது போன்றதல்ல இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கேட்கும் விலையை மறைவாகப் பதிவு செய்கிறார்கள். சீட்டு கிடைத்த எல்லாருக்கும் ஒரே விலை.

முப்பந்தல் காற்றாலைகளை வைத்துப் பேசும் ‘கார்பன் கிரெடிட்’ வேறு கணக்கு. புகை விடாமல் எடுத்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் வரவு அது, அதற்கு மேலே மொத்த வரம்பு எதுவும் இல்லை. நம் நாட்டில் 2023-இல் அறிவித்த திட்டமும் உற்பத்தி அளவுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தைத்தான் பார்க்கிறது. உற்பத்தி கூடினால் மொத்த உமிழ்வும் கூடலாம். அதற்கு ‘விகித வரம்புச் சந்தை’ என்று தனிச்சொல் வைப்போம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், இல்லாத வரம்பை இருப்பதாகச் சொன்னதாகிவிடும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள் அண்ணாச்சி. இல்லையென்றால் மூன்று புதுச் சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து,
உங்கள் தம்பி