தோள் தழும்பு தடித்துக்கொண்டே போகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தங்கைக்கு இடது தோளில் கட்டி எடுத்து ஏழு மாதம் ஆகிறது. தையல் போட்ட கோடு மண்புழு மாதிரி எழும்பி, சிவந்து, ராத்திரியில் அரித்துத் தூங்கவிடாமல் செய்கிறது. கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு என்றார் டாக்டர். தலை வாரக் கை தூக்கும்போது அந்த இடம் வெளுத்து இழுபடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

அன்றிலிருந்து படிக்கிறேன். தோல் செல்களுக்கு இழுவிசையை உணரத் தெரியும். பியசோ1 என்ற புரதம் செல் சவ்வில் கதவு மாதிரி இருக்கிறது. சவ்வு இழுபட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். 2010இல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. எலிகளின் மேல்தோல் செல்களில் பியசோ1 இல்லாவிட்டால் காயம் சீக்கிரம் மூடுகிறது. அடியில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களோ, இழுப்பு கூடக்கூட, தோலுக்கு உறுதி தரும் நார்ப் புரதமான கொலாஜனைக் குவிக்கின்றன. நெஞ்சிலும் தோளிலும் கீலாய்டு அதிகம் வர இதுவும் ஒரு காரணம்.

இழுப்பைக் குறைக்கப் பேப்பர் டேப்பும், தழும்பின் ஈரப்பதம் காக்க சிலிகான் ஷீட்டும் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாதம் ஒட்டினீர்கள்? வியர்வையில் ஓரம் பிய்ந்து வருகிறதே, எப்படிச் சமாளித்தீர்கள்? ஸ்டீராய்டு ஊசிக்கு அவள் ரொம்பப் பயப்படுகிறாள். போட்டவர்கள் வலி எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிப்பவள். தோளை அசைக்காமல் வேலை பார்க்க ஏதாவது வழி உண்டா?