கொக்குவில் வீட்டார், கனடா

வியாழன், இரவு 9:52

தர்சினி: முழித்திருக்கிற ஆட்கள் பாருங்கோ. வதனி வீட்டில் நெருப்பு. நாலு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை

மாலா மாமி: ஐயோ முருகா

பவா சித்தி: எந்த வதனி

தர்சினி: எங்கட வதனி சித்தி

சுதன்: போன் எடுக்கிறாள் இல்லை

தர்சினி: சார்ஜ் 9 வீதம்தான். எழுதச் சொன்னேன்

வதனி: மேல் வீட்டுக் குசினியில் பிடித்தது. கரண்டும் காஸும் வெட்டிவிட்டார்கள், உள்ளே விட மாட்டார்களாம். வெளியில் மைனஸ் 17. ரீரீசி பஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி எங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் போட்டிருக்கு. சின்னவனுக்கு ஒரு காலில் சொக்ஸ் இல்லை

பெரியம்மா: பை எடுத்தியா

வதனி: ஓம் பெரியம்மா. கதவடியில்தான் இருந்தது

சுதன்: என்ன பை

பெரியம்மா: பாஸ்போட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், நகை. உனக்கு விளங்காது

கண்ணன் அண்ணா: டெனன்ட் இன்சூரன்ஸ் இருக்கா வதனி? இருந்தால் ஹோட்டல் காசு அவர்களே கட்டுவார்கள்

வதனி: இல்லை அண்ணா. பிறகு எடுப்போம் என்று விட்டுவிட்டோம்

கண்ணன் அண்ணா: நான் போன வருஷமே சொன்னேன்

சுதன்: பஸ்ஸுக்குள் இருக்கிற பிள்ளைக்கு பொலிசி விற்காதே அண்ணா

சிவா மாமா: எல்லோருக்கும் வணக்கம். பதறாமல் வடிவாக வாசியுங்கோ. முதலாவது, நெருப்பில் வீடு போனால் முதல் மூன்று நாளுக்கு செஞ்சிலுவைச் சங்கம் பார்க்கும். அறை, சாப்பாடு, உடுப்பு. வதனி, அங்கே நிற்கிற அதிகாரியிடம் ரெட் குரொஸ் வருகிறதா என்று கேள். கேட்காமல் இருந்துவிடாதே, மேல் வீட்டுக்காரரை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள், பேஸ்மென்டில் ஆள் இருப்பது தெரியாது. இரண்டாவது, மூன்று நாள் முடியும் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஷெல்டரில் இடம் ஒதுக்குகிற நகரசபையின் சென்ட்ரல் இன்டேக் 416-338-4766. இரவு பகல் ஆள் இருக்கும். அது கிடைக்காவிட்டால் 311. வேறு என்ன உதவி எங்கே என்று அறிய 211, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இங்கிலீசில் ஒரு வசனம் சொன்னால் போதும். மூன்றாவது

சிவா மாமா: மூன்றாவது, குடும்பம், இரண்டு பிள்ளைகள், வயது 7, 3 என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தனி ஆட்களின் ஷெல்டர் வேறு, குடும்ப ஷெல்டர் வேறு. கிங்ஸ்டன் றோட்டில் ஃபமிலி ரெசிடென்ஸ் நகரசபையுடையது. எல்ஸ்மியரில் பேர்க்டேல் இருக்கு. ஆனால் நேரே போய்க் கதவைத் தட்டினால் எடுக்க மாட்டார்கள், இன்டேக் அனுப்ப வேண்டும்

பவா சித்தி: சிவா நீ இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாயா

மாலா மாமி: றிட்டயர் ஆகி இரண்டு வருஷம் அக்கா. வாய் மட்டும் ஆகவில்லை

கண்ணன் அண்ணா: மோட்டல் வவுச்சர் என்று ஒன்று இருக்காமே. லொஸ் ஏஞ்சலிஸில் என்னுடைய சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள்

சிவா மாமா: அது கலிஃபோர்னியா. அங்கே பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு கவுண்டியே 16 நாள் வரை மோட்டல் காசு கொடுக்கிற திட்டம் உண்டு. இங்கே ரொறன்ரோவில் கையில் சீட்டுத் தந்து போய் அறை எடு என்று விடுவதில்லை. நகரசபையே மோட்டலை மொத்தமாக எடுத்து வைத்திருக்கும், எங்கே காலியோ அங்கே அனுப்பும். கிங்ஸ்டன் றோட்டில் இத்தனை மோட்டல் ஏன் வந்தது தெரியுமா? 401 வருவதற்கு முன் மொன்றியல் போகிற சனம் எல்லாம் அந்த றோட்டால்தான். ஹைவே வந்தது, சனம் நின்றது, அறைகள் காலி. பிறகு வீடில்லாத குடும்பங்களை

சுதன்: மாமா அவளுக்கு சார்ஜ் 6 வீதம்

தர்சினி: நான் இன்டேக்குக்கு அடிக்கிறேன். வதனி நீ போனை நிறுத்து

கண்ணன் அண்ணா: கிடைக்காது. ஹோட்டல் எல்லாம் புதிதாக வந்த அகதிகளுக்குக் கொடுத்து முடிந்தது

சிவா மாமா: தவறு கண்ணன். 2023 கோடையில் பீற்றர் ஸ்ட்ரீட் 129, நகரசபையின் ஷெல்டர் நிலையத்தின் வாசலில் நடைபாதையில் நித்திரை கொண்டவர்கள் யார்? ஆபிரிக்காவில் இருந்து வந்த அகதிகள். நகரசபையும் மத்திய அரசும் நீ பார் நான் பார் என்று நிற்க, கறுப்பினத் தேவாலயங்கள்தான் கதவு திறந்தன

பெரியம்மா: கண்ணா வாயை மூடு

இரவு 11:20

தர்சினி: 50 நிமிஷம் லைனில் நின்றேன். இன்றைக்குக் குடும்பத்துக்கு இடம் இல்லையாம், பெயர் எழுதிவிட்டார்கள். இடம் வந்தால் கூப்பிடுவார்கள்

வதனி: ரெட் குரொஸ் பிள்ளை ஒன்று வந்தது. வடிவான பிள்ளை. மூன்று இரவுக்கு கிங்ஸ்டன் றோட்டில் ஒரு மோட்டல். குமாரின் இரவு ஷிஃப்ட் போச்சு. இப்போ போகிறோம்

மாலா மாமி: அப்பாடா. கந்தன் கருணை 🙏

சுதன்: அதென்ன, இவ்வளவு பேர் வீடு வைத்திருக்கிறீர்கள், மோட்டலா?

(ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள்)

பவா சித்தி: என்னுடையது முதியோர் கட்டடம் அப்பன். ஆட்களை வைத்திருக்க விடமாட்டான்

சுதன்: உங்களைச் சொல்லவில்லை சித்தி

மாலா மாமி: மொன்றியலில் இருந்து சொல்வது சுகம்

வெள்ளி, காலை 8:05

கண்ணன் அண்ணா: (படம்: வெள்ளிக்கிழமை காலை வணக்கம், வேலுடன் முருகன்)

வதனி: நித்திரை கொண்டோம். இரண்டு பெரிய கட்டில், மைக்ரோவேவ், குட்டி ஃப்ரிட்ஜ். அடுப்பு இல்லை, அறைக்குள் சமைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருக்கு. பெரியவள் அழுகிறாள், பள்ளிப் பை உள்ளே எரிந்திருக்கும் என்று. சின்னவன் நடைபாதையில் ஐஸ் மெஷினைக் கண்டுவிட்டு இனி இங்கேயே இருப்போம் என்கிறான்

தர்சினி: சொக்ஸ் வாங்கி வருகிறேன். பையும். என்ன நிறம்?

வதனி: ஊதா. கட்டாயம் ஊதாவாம்

பெரியம்மா: ரைஸ் குக்கரை குளியலறையில் வை. ஃபானைப் போடு. கதவுக்குக் கீழே ஈரத் துவாய் ஒன்றைச் சுருட்டி வை. சோறு மணக்காது. கறி மட்டும் வைக்காதே, பருப்பென்றால் பரவாயில்லை

சுதன்: பெரியம்மா இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் 😂

பெரியம்மா: ஏழு மாதம் சமைத்தேன்

சுதன்: எங்கே?

பெரியம்மா: அதே றோட்டில். 1990. உன் அம்மாவும்தான். அவள் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தத் துவாயைக் குனிந்து வைப்பாள்

தர்சினி: என்ன!! அப்பாவின் சிநேகிதர் வீட்டில் மேல் மாடியில் இருந்தோம் என்றுதானே அம்மா சொன்னவ

சிவா மாமா: அக்கா, இது இப்போது எதற்கு

பெரியம்மா: ஏன், களவா எடுத்தோம்

சிவா மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா மாமி: எனக்கே இது தெரியாது. 19 வருஷம் கலியாணம் கட்டி

கண்ணன் அண்ணா: எனக்கு ஞாபகம் இருக்கு. ஆறு வயது. ஐஸ் மெஷின்

பெரியம்மா: அப்போ நேற்று இரவு ஏன் அப்படி எழுதினாய்

பவா சித்தி: அந்தக் காலத்துச் சீட்டுக் காசை முதலில் கதையுங்கோ. மோட்டலால் வெளிக்கிடும்போது நான் கொடுத்த 800 டொலர் இன்னும் வரவில்லை

சிவா மாமா: பவா, அது 1992இல் கொடுத்து முடிந்தது

பவா சித்தி: யாரிடம்?

வெள்ளி, பின்னேரம் 4:10

மாலா மாமி: ஆரணியின் சாமத்திய வீட்டுக்கு மண்டபத்துக்காரனிடம் நாளைக்குள் எத்தனை தட்டு என்று சொல்ல வேண்டும். 350 போடவா? கொத்துரொட்டி ஸ்டேஷன் வேண்டுமா வேண்டாமா

கண்ணன் அண்ணா: வேண்டும்

வதனி: வீட்டுக்கார அண்ணை இப்போ வந்துவிட்டுப் போனார். வடை கொண்டுவந்தார். ஒரு பேப்பரில் சைன் வைக்கச் சொன்னார், 500 டொலர் தருகிறாராம். திருத்த வேலைக்கு இன்சூரன்ஸ்காரர் கேட்கிற பேப்பர் என்கிறார். படம் போடுகிறேன், யாராவது பாருங்கோ. குமாருக்குக் கை நடுங்குது, அந்தக் காசு இப்போ தேவை

தர்சினி: பொறு. சிவா மாமா பார்ப்பார்

தர்சினி: மாமா?

சுதன்: மாமா ஒன்லைனில்தான் நிற்கிறார்

மாலை 6:35

சிவா மாமா: கையெழுத்து வைக்காதே. அது என்-11 படிவம். இரண்டு பக்கமும் சம்மதித்து வாடகையை முடிக்கிறோம் என்று அர்த்தம். வைத்தால் நீயாகவே விட்டுப் போனதாக ஆகும், வீட்டைத் திருத்தி அடுத்த மாதமே கூடின வாடகைக்கு விடுவார்கள். பூட்டையும் அவரால் மாற்ற முடியாது, வாடகைத் தகராறு விசாரிக்கிற போர்ட்டில் ஓடர் எடுத்து ஷெரிஃப்தான் வர வேண்டும். 500 டொலரை நான் தருகிறேன், வடையை மட்டும் சாப்பிடு. இன்னொன்று, நாலாம் நாளில் இருந்து சொந்தக் காசில் அந்த மோட்டலிலேயே இருப்போம் என்று யோசிக்காதே. மோட்டலில் தற்காலிகமாக இருக்கிறவனுக்கு வாடகைச் சட்டம் இல்லை. போ என்றால் அன்றைக்கே போக வேண்டும்

சுதன்: இரண்டரை மணித்தியாலம் எடுத்திருக்கு இதை எழுத

சிவா மாமா: வேலை இருந்தது

சுதன்: அந்த பேஸ்மென்டைப் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தானே? பழைய மாணவர் சங்கத்தில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரைக்காரர் அவர். புகை அலாரம் அடிக்கவே இல்லையாம். மேல் வீட்டுக்காரர் தரையில் குத்தித்தான் இவர்கள் எழும்பினவர்கள்

தர்சினி: சுதன் இதைத் தனியாகக் கதை

சுதன்: ஒவ்வொரு தளத்திலும் அலாரம் கட்டாயம் என்று இதே குழுவில் நத்தார் நேரம் மாமாதான் நீட்டி எழுதினார். மேலே போய்ப் பாருங்கோ

மாலா மாமி: அவர் நல்லது நினைத்துத்தான் செய்தவர். மாதம் 1,400க்கு ஸ்காபரோவில் வேறு எங்கே கிடைக்கும்? உதவிப் பணம் எடுக்கிற நாலு பேர் குடும்பத்துக்கே வாடகைக்கென்று 756தான் கொடுக்கிறார்களாம், இவர்தான் சொல்வார்

வதனி: என்னால் சண்டை வேண்டாம். நாங்கள்தான் சோதித்திருக்க வேண்டும்

பெரியம்மா: நீ ஏன் சோதிக்க வேண்டும்

ஞாயிறு, காலை 9:40

வதனி: இன்டேக்கில் இருந்து கூப்பிட்டார்கள். இடம் வந்திருக்கு. எற்றோபிக்கோவில் ஒரு ஹோட்டல். ஒரு மணித்தியாலத்துக்குள் ஓமா இல்லையா என்று சொல்ல வேண்டும். இங்கே 11 மணிக்கு அறை விட வேண்டும்

தர்சினி: எற்றோபிக்கோவா!! பெரியவளின் பள்ளி?

வதனி: பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். குமாரின் வேலையும் இந்தப் பக்கம்

சுதன்: இங்கே வாருங்கோ என்று சொல்லலாம், ஆனால் அது எற்றோபிக்கோவை விட மோசம்

கண்ணன் அண்ணா: எங்கள் வீட்டில் அம்மா, பிள்ளைகள், மாமியார். ஹோலில் படுக்கலாம் என்றால் வாருங்கோ, உண்மையாகத்தான்

பெரியம்மா: ஏஜக்ஸில் ஐந்து அறை இருக்கு

பெரியம்மா: சிவா

மாலா மாமி: அக்கா கோபிக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை கார்ப்பெட் மாற்ற வருகிறார்கள். புதன் லண்டனில் இருந்து அண்ணா குடும்பம் ஆரணியின் விசேஷத்துக்கு வருகிறது. எத்தனை நாள் என்றும் தெரியாமல் எப்படி

வதனி: பரவாயில்லை மாமி. ஓம் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே மூன்று நேரமும் சாப்பாடு தருவார்களாம்

தர்சினி: அந்த ஒரு மணித்தியாலம் முடியும் மட்டும் பொறு வதனி. வேண்டாம் என்று இன்டேக்குக்கும் சொல்லாதே. சொன்னால் திரும்ப வரிசையில் அடியில்

மாலா மாமி: இவர் எங்கே? கராஜில் கார் இல்லை

காலை 10:25

வதனி: மாமா இங்கே நிற்கிறார்

தர்சினி: மோட்டலிலா?

வதனி: பார்க்கிங்கில். காரை விட்டு இறங்குகிறார் இல்லை. எஞ்சின் ஓடுது. கட்டடத்தின் பின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்

பெரியம்மா: முன்னுக்குப் பெரிய சாய்ந்த கூரை இருக்கா

வதனி: ஓம் பெரியம்மா. பச்சை

பெரியம்மா: அப்போ அது சிவப்பு. அவன் இருந்தது பின் பக்கம் கடைசி அறை. ஹீட்டர் வேலை செய்யாது

கண்ணன் அண்ணா: மற்றதெல்லாம் இடித்து கொண்டோ கட்டிவிட்டார்கள். அது ஒன்றுதான் மிச்சம்

பெரியம்மா: கண்ணாடியில் தட்டு வதனி. தேத்தண்ணி கொடு

வதனி: பிள்ளைகளை ஏற்றட்டாம். எங்கே என்று சொல்கிறார் இல்லை. இன்டேக்குக்கு என்ன சொல்ல? 15 நிமிஷம்தான் இருக்கு

தர்சினி: நான் அடித்து நேரம் கேட்கிறேன். லைன் கிடைத்தால்

மாலா மாமி: கீழ் அறைக் கார்ப்பெட் செவ்வாய்தான். அதுவரைக்கும் என்றால் பார்க்கலாம். சின்னவனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளுமா

சுதன்: செவ்வாய்க்குப் பிறகு?

மாலா மாமி: யாராவது தட்டு எத்தனை என்று சொல்லுங்கோ. மண்டபத்துக்காரன் மூன்றாம் தரம் அடிக்கிறான். 350ஆ 360ஆ

பவா சித்தி: என்னுடைய 800 டொலரில் கழித்துக்கொள். 360 போடு