பயறு முளைத்த கதையும் நாறிய கதையும்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

சித்திரையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. அன்றிலிருந்து காலையில் நான்கு இட்லி இரண்டாகச் சுருங்கிவிட்டது. மீதி வயிற்றுக்கு முளைகட்டிய பயறு என்று நானே முடிவு செய்தேன். ஐம்பத்திரண்டு வயதில் சமையலறைக்குள் நுழைந்தவனுக்கு மனைவி இடம் விட்டாள். பாத்திரம் மட்டும் ஓரம் நசுங்கிய பழையதாகத் தந்தாள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அவள் செய்தது சரிதான்.

ஒரு ஆழாக்குப் பச்சைப்பயறை இரவு எட்டு மணிக்கு ஊறப் போட்டேன். காலை எட்டு மணிக்கு வடித்து, ஈரத்துணியில் இறுகக் கட்டி, ஹாட்பாக்ஸில் வைத்து மூடினேன். மாலையில் திறந்தபோது கழுநீர்ப் பானையைக் கிளறியது போல் ஒரு வாடை. துணியைப் பிரித்தால் பயறு விரலில் வழவழவென்று ஒட்டிக்கொண்டது. ஐந்தில் ஒன்று முளைத்திருந்தால் அதிகம். மற்றவை உப்பி, தோல் கிழிந்து, கொழகொழத்துக் கிடந்தன.

வெயிலின் மேல் பழி போட்டேன். அடுத்த முறை ஆறு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, துணியைத் தளர்த்திக் கட்டி, மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். நாற்றம் குறைந்தது; முளை கூடவில்லை. பிறகு பயறின் மேல் சந்தேகம் வந்தது. ஜார்ஜ் டவுன் மொத்தக் கடைகள் வரை போய்ப் புதுப் பயறாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கி வந்தேன். அதுவும் அதே கதி.

அந்தப் பயறில் கால் கிலோவைப் பெரம்பூரில் இருக்கும் என் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் இரவு போன் செய்தாள்: “தம்பி, நீ கொடுத்த பயறு இங்கே வாலாட்டுகிறது, வந்து பார்.” போய்ப் பார்த்தேன். தட்டு நிறைய, ஒவ்வொரு பயறுக்கும் ஒரு அரிசி நீளத்துக்கு வெள்ளை வால். அக்கா எந்த வித்தையும் செய்யவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் வீட்டுத் தொட்டியில் மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணீர். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சோறு வடிக்கவும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பயறை மட்டும் குழாயடியில் ஊறப் போட்டிருக்கிறேன்.

வீடு திரும்பி இரண்டு டம்ளர்களில் நூறு நூறு பயறாக எண்ணிப் போட்டேன். மனைவி கைபேசியில் படம் எடுத்துத் தன் தம்பிக்கு அனுப்பினாள். கேன் தண்ணீரில் 91 முளைத்தன. குழாய்த் தண்ணீரில் 38.

காரணம் எளிது. ஒரு விதை ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீர் குடித்த பிறகே வேர் விடும். உப்புக் கூடிய தண்ணீர் விதைக்குள் சரியாக இறங்காது. அரைகுறையாக ஊறிய பயறு முளைக்காமல், நம் ஊர்ப் புழுக்கத்தில் நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. நமக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 2010-லேயே ஓர் ஆலை திறந்தார்கள். நான் இங்கே உப்புத் தண்ணீரில் பயறை முளைக்கவைக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கணக்கு: கோடையில் ஆறு மணி நேரம் ஊறல், எட்டு மணி நேரம் கட்டு. நடுவில் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி ஒட்ட வடிப்பேன். மார்கழியில் இரவு முழுக்க ஊறி, ஒரு பகலும் ஓர் இரவும் துணிக்குள் இருக்க வேண்டும். உடைந்த பயறைக் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள். அழுகல் அதில்தான் ஆரம்பிக்கிறது. ஊறாமல் கல் போலக் கிடக்கும் ஒன்றிரண்டையும் பார்த்து எடுத்துவிடுங்கள். என் கடைவாய்ப் பல் ஒன்று அதற்குச் சாட்சி.

உங்கள் வீடுகளில் எப்படி?

காசிமேட்டிலிருந்து:

உப்புக் காற்றுக்குப் பயப்படாத பயறு உப்புத் தண்ணீருக்குப் பயப்படுகிறதா! எங்கள் ஆயாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அடிபம்பில் வரும் நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்துதான் கொள்ளுக்கு எடுக்கும். நாங்கள் குளிக்க எடுத்தால் அடி விழும்.

எங்கள் வீட்டில் பச்சைப்பயறு கிடையாது, கொள்ளுதான். முளைக்க இரண்டு நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆயா பழைய வேட்டித் துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடும். முளைத்த கொள்ளை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம். கொள்ளை வெங்காயம், காய்ந்த மிளகாய் போட்டுப் பிரட்டி, பக்கத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு. இதை ஆரோக்கிய உணவு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மழைக்கால உணவு என்றுதான் சாப்பிட்டோம்.

சௌகார்பேட்டையிலிருந்து:

கல்யாணமாகி தங்கசாலைத் தெருவுக்குப் பக்கத்தில் குடிவந்தபோது எதிர்வீட்டில் ஒரு ராஜஸ்தானி அம்மா இருந்தார். என்னைப் பார்த்ததும் “பேட்டி, பேட்டி” என்று கூப்பிடுவார். எதற்கு இவர் தினமும் என்னைப் பேட்டி எடுக்கிறார் என்று ஒரு வாரம் குழம்பினேன். மகளே என்று அர்த்தமாம்.

அவர் வீட்டில் முளைகட்டுவது நரிப்பயறு. மோட் என்பார்கள். பச்சைப்பயறைவிடச் சின்னது, பழுப்பு நிறம். துணியே கட்ட மாட்டார். துளையிட்ட வடிதட்டில் பயறைப் பரப்பி, கீழே கிண்ணம் வைத்து, மேலே ஒரு தட்டு சாய்த்து மூடுவார். கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் கொட்டிவிட்டு வருவார். “ஈரம் வேண்டும், தண்ணீர் வேண்டாம்” என்று அரைத் தமிழில் சொல்வார். நானும் துணியை விட்டுவிட்டேன். துணியைத் துவைத்துக் காயவைத்தாலும் மூன்றாவது முறையில் அதற்கே ஒரு வாடை வந்துவிடுகிறது.

முளைத்ததை அவர் பச்சையாகத் தின்று நான் பார்த்ததில்லை. கடுகு, பெருங்காயம் தாளித்து, மஞ்சள் போட்டு, கை நீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வைப்பார். இறக்கி எலுமிச்சை பிழிவார். எங்கள் வீட்டில் இப்போது அது சனிக்கிழமை டிபன்.

வியாசர்பாடியிலிருந்து:

இங்கே பலர் வீட்டில் இது பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம். என் அம்மாவின் குடும்பம் 1964-ல் ரங்கூனிலிருந்து திரும்பியது. அங்கே கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட காலம். தாத்தா கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி. ஆயா கொண்டு வந்தது சமையல்.

அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் எல்லாருக்கும் தெரியும். காலையில் ஆயா செய்யும் முளைப் பட்டாணி அவ்வளவாகத் தெரியாது. பே பியோ என்று பர்மியப் பெயர். முழுக் காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரு நாள் முளைக்க விடும். வால் நீண்டால் திட்டும். பிறகு சிட்டிகை சோடா உப்புப் போட்டு, தோல் தனியாகக் கழலாமல், அழுத்தினால் மாவாக நசுங்கும் பதத்தில் வேகவைக்கும். மேலே எண்ணெயில் சிவக்க வறுத்த வெங்காயம், அந்த எண்ணெயோடு. முளைக்காத பட்டாணிச் சுண்டலையும் இதையும் ஒரே வாயில் தின்று பாருங்கள். இதில் ஒரு இனிப்பு இருக்கும். ரங்கூனில் இதைத் தலையில் சுமந்துகொண்டு விற்கும் பெண்ணின் குரலை ஆயா அப்படியே கூவிக் காட்டும். எங்களுக்குப் பொருள் புரியாது, சிரிப்போம்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

எல்லாரும் நன்றாகத் தின்கிறீர்கள், மகிழ்ச்சி. முதலில் என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்கா வாசலில் முளைகட்டிய பயறுப் பொட்டலம் வாங்கி வந்தேன். வெயில் ஏறிய நேரம். வியாபாரி எப்போது கட்டினாரோ தெரியாது. லேசான புளிப்பு வாடை அடித்தது. எலுமிச்சை பிழிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு எனக்கும் மகளுக்கும் பேரனுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. முப்பது ஆண்டுகள் மற்றவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றியவள் அன்று எனக்கு ஏற்றிக்கொண்டு படுத்திருந்தேன்.

பயறு முளைக்க வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகவும் வேண்டியவை. கிருமி பெரும்பாலும் விதையோடு வருகிறது. முளைத்த பிறகு எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது. 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி ஏறத்தாழ 4,000 பேர் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின் மேல் பழி போட்டார்கள். கடைசியில் பார்த்தால் வெந்தய முளை. நாம் தோசைக்குப் போடுகிறோமே, அதே வெந்தயம்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது இட்லித் தட்டில் ஆவி நன்றாக வந்த பிறகு ஐந்தாறு நிமிடம். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், உடம்பு தளர்ந்தவர்கள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாகத் தின்னக் கூடாது. கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் அதிலுள்ள நஞ்சு போகும்.

வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்று என் தங்கை சண்டைக்கு வருவாள். முளைக்கும்போது வைட்டமின் சி கூடுவது உண்மை, வேகும்போது அதில் கொஞ்சம் போவதும் உண்மை. அரை நெல்லிக்காய் அதைச் சரிக்கட்டிவிடும். புரதம் பல மடங்கு பெருகும் என்பது கட்டுக்கதை. உலர்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம். அது தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிடுகிறது. அப்புறம் 100 கிராம் முளையில் அதில் பாதிகூடத் தேறாது. ஆனால் வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் முளைக்கும்போது குறைகின்றன. எனக்கு அந்த ஒன்றே போதும்.

வண்ணாரப்பேட்டைத் தம்பிக்கு: சர்க்கரை மாத்திரைக்குப் பயறு பதில் ஆகாது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மீண்டும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

மாத்திரையை நிறுத்தவில்லை அக்கா. நேற்றிலிருந்து ஆவியில் வேகவைக்கிறேன். துணியை விட்டு வடிதட்டுக்கும் மாறிவிட்டேன். வேகவைத்த முளைக்குத் தேங்காய்த் துருவலும் மாங்காயும் சேர்த்தால், பச்சையாகத் தின்றபோது இருந்த அந்தப் புல் வாசனை தெரியவில்லை. பட்டாணி இன்று ஊறுகிறது. மூக்கு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன்.

ஒரே சிக்கல். ஊறவைக்க, அலச, மறுபடி அலச என்று கேன் வழக்கத்தைவிட ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. இன்று காலை கேனைச் சாய்த்து அடித் தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்: “பயறுக்குக் கேன் தண்ணீர், எனக்குக் காபிக்குக் குழாய்த் தண்ணீரா?”