பைத்தான் வகுப்பு: நடத்த ஆள் உண்டு, பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும்

சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

நிரல் (கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகள்) என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு ஒரு தொடக்க வகுப்பு நடத்தலாம் என்று பேசினோமே, அது இப்போது ஓரளவு உருவாகிவிட்டது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், இணையவழி, நிரல் மொழி பைத்தான். பாடம் நடத்த நானும் இன்னொரு தம்பியும் இருக்கிறோம். குறைவது துணைக்கு வரும் ஆட்கள்தான்.

முன்பு வேறோர் இடத்தில் முப்பது பேருக்கு நான் ஒருவனாகவே வகுப்பு எடுத்தேன். முதல் நாள் முழுக்கப் பைத்தானை நிறுவுவதிலேயே போய்விட்டது. இரண்டாம் வாரம், இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரல். ஓர் அம்மா அழகாக எழுதி முடித்து 5, 3 என்று கொடுத்தார். திரையில் 53 வந்தது. நானோ இன்னொருவரின் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் போய்ச் சேர்வதற்குள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டிருந்தார். “எனக்குக் கணக்கு வராது தம்பி” என்றார். கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாம் தட்டுவது எதுவானாலும் பைத்தான் முதலில் எழுத்தாகத்தான் வாங்கும். எண்ணாக மாற்று என்று சொல்லாவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். ஒரு நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்கிற விஷயம். மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. இன்னும் எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் இந்த முறை ஐந்து பேருக்கு ஒரு துணையாவது இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. துணைக்கு வருகிறவர் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் கொஞ்சம் நிரல் எழுதியவர் போதும். சொல்லப்போனால், தான் எங்கே தடுக்கினோம் என்பதை மறக்காதவர்தான் நல்ல துணை. ஒரே ஒரு கண்டிப்பு: கற்கிறவரின் விசைப்பலகையை நாம் வாங்கக் கூடாது. திரைப் பகிர்வில் பார்க்கலாம், கேட்கலாம், “கடைசி வரியை வாசித்துக் காட்டுங்கள்” எனலாம். பைத்தானில் பிழைச் செய்தி நீளமாக வந்தாலும் என்ன கோளாறு என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து இந்தச் செய்திகள் நன்றாகவே தெளிந்திருக்கின்றன. அடைப்புக்குறியை மூட மறந்தால் எந்தக் குறி என்றே காட்டிவிடும். அதை வாசிக்கப் பழகியவர் தனியாக இருக்கும்போதும் சமாளித்துக்கொள்வார்.

நிறுவும் தொல்லை வேண்டாம். கூகுள் கோலாப் போல உலாவியிலேயே ஓடும் ஒன்றில் தொடங்கலாம். படவில்லைகளும் வேண்டாம். ஆராய்ச்சியாளர்களுக்கு நிரல் கற்றுத்தர 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி வகுப்புகளில் ஆசிரியர் எல்லோர் கண்முன்னும் ஒவ்வொரு வரியாகத் தட்டுவார், கற்பவர்களும் கூடவே தட்டுவார்கள். ஆசிரியருக்கும் பிழை வரும். அதை அவர் எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்று பார்ப்பதே ஒரு பாடம். சிக்கிக்கொண்டவர் கணினியில் ஒரு வண்ணத் தாளை ஒட்டி உதவி கேட்கும் வழக்கமும் அங்கே உண்டு. நமக்கு அரட்டைப் பெட்டியில் ‘நின்றுவிட்டேன்’ என்ற ஒரு சொல் போதும், துணைக்கு இருப்பவர் உடனே தனி அறைக்கு அழைத்துக்கொள்வார்.

பைத்தானுக்குப் பதில் ‘சி’ என்ற நிரல் மொழியை வைக்கலாமா எனச் சிலர் கேட்டார்கள். முதல் எட்டு வாரத்துக்கு வேண்டாம். பைத்தான் 3-இல் மாறியின், அதாவது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தின், பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ‘வயது’ என்று எழுதி 12 என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்: 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. ஆனால் மி-யின் கொக்கியையும் ழ்-இன் புள்ளியையும், கணினியில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை, தனித்தனிக் குறியாக வைத்திருக்கிறது, கணினி அவற்றையும் எண்ணுகிறது. இதை இரண்டாம் வகுப்பில் வைக்க ஆசை. கணினி எதை ‘எழுத்து’ என்கிறது என்பது நம் மொழியை வைத்தே விளங்கிவிடும்.

கணினி இல்லாமல் கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களையும் விட்டுவிட வேண்டாம். கலைத்துப் போட்ட வரிகளைச் சரியான வரிசையில் அடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு, பார்சன்ஸ் புதிர் என்பார்கள். கைப்பேசியிலோ காகிதத்திலோ செய்துவிடலாம்.

நேரம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும், இடையில் வகுப்பு நேரம் குழம்பும். ஆகவே அறிவிப்பை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் போட்டு, அவரவர் ஊர் நேரத்தையும் பக்கத்தில் தருகிறேன்.

துணைக்கு வரக்கூடியவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள்: வாரத்தில் எந்த நாள், உங்கள் நேரப்படி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. எட்டு வாரமும் முடியாதவர்கள் முதல் மூன்று வாரமாவது வாருங்கள், அந்த வாரங்களில்தான் நிறையப் பேர் வகுப்பை விட்டுவிடுகிறார்கள்.