மகள் ஆடுவது நின்றதும் வீட்டில் எல்லாருக்குமே வேலை போன மாதிரி இருக்கிறது

கேலரி அப்பா:

மகளுக்கு 16 வயது. 9 வயதிலிருந்து பாஸ்கெட்பால். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க, எம்பி இறங்கும்போது முட்டி திரும்பிவிட்டது, முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற தசைநார் முழுக்கக் கிழிந்திருந்தது, ஆபரேஷன் முடிந்து இப்போது பிசியோதெரபி நடக்கிறது. அதைப் பற்றிக் கேட்க வரவில்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்.

நான் கேட்க வந்தது வீட்டைப் பற்றி. ஏழு வருஷமாக எங்கள் வீடு அவளுடைய பயிற்சி நேரத்தை வைத்துத்தான் ஓடியது. காலை ஐந்தரைக்குக் கொண்டுபோய் விடுவது நான். டோர்னமென்ட் என்றால் லீவு போடுவது, பை அடுக்குவது, தோற்ற அன்று காரில் எதைப் பேசக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம் மனைவி. மகன் கேலரியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியே வளர்ந்தான். நண்பர்கள் என்று எண்ணிப் பார்த்தால் எல்லாருமே டீமில் ஆடும் மற்ற பிள்ளைகளின் பெற்றோர்தான்.

இப்போதும் ஐந்து மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி சாப்பிடும்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதைத் தவிரப் பேச்சே இல்லை. பெற்றோர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஜெயித்த போட்டோ வந்தது, கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பொறாமை என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு என்ன பெயர் வைப்பது?

அப்புறம் ஒருநாள் மகள், "புதுசா யாராவது பார்த்து நீ என்ன பண்றேன்னு கேட்டா என்னப்பா சொல்றது?" என்றாள். நான் "சீக்கிரம் திரும்ப ஆடுவே" என்று ஏதோ சொல்லி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பாயிண்ட் கார்டு:

அண்ணா, எனக்கும் இதே முட்டி, 19 வயதில். "சீக்கிரம் திரும்ப ஆடுவே" என்று எனக்கும் எல்லாரும் சொன்னார்கள், ஆசையாகத்தான் சொன்னார்கள். என் காதில் விழுந்தது என்னவென்றால், திரும்ப ஆடுகிற வரைக்கும் நீ கணக்கில் இல்லை. ஆறாவது மாதமே கோர்ட்டில் இறங்கிவிட்டேன். முட்டி தயாராக இல்லை, எனக்குத்தான் நான் யாருமே இல்லை என்ற நிலையைத் தாங்க முடியவில்லை. மறுபடி கிழிந்தது.

மருத்துவர் பார்த்துக்கொள்கிறார் என்கிறீர்கள், சரி. ஆனால் முட்டியும் மனசும் தனித்தனி விஷயம் இல்லை, அதனால் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் வரைக்கும், திரும்பி வருவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஒன்பது மாதம் அவள் வேறு யாராகவாவது இருக்க முடிந்தால்தான் பொறுமையாகக் காத்திருப்பாள்.

'விளையாட்டு வீரர்' என்பதை ஒருத்தர் எவ்வளவு தூரம் தன்னுடைய அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்று அளக்க 1993இலேயே ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். அந்த அடையாளம் பலமாக இருந்தால் பயிற்சிக்கு நல்லது, காயம் பட்டாலோ ஓய்வு பெற்றாலோ அதுவே ஆளைச் சாய்த்துவிடும். மைக்கேல் ஃபெல்ப்ஸைப் பாருங்கள், 28 ஒலிம்பிக் பதக்கம். தன்னை ஒரு நீச்சல்காரனாக மட்டுமே பார்த்ததாகவும், 2012 ஒலிம்பிக்குக்குப் பிறகு உயிரோடு இருக்கவே விருப்பமில்லாமல் போனதாகவும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பதக்கம் வாங்கியவருக்கே அப்படி. உங்கள் மகள் கேட்டது பெரிய கேள்வி, அதைக் கேட்க உங்களிடம் வந்திருக்கிறாள் பாருங்கள், அது நல்ல அறிகுறி.

நேர்கோடு:

எல்லாரும் மனசு, அடையாளம் என்று போகிறீர்கள். தியாகம் செய்யாமல் யார் மேலே வந்தார்கள்? குகேஷோடு போட்டிகளுக்குப் போவதற்காக அவருடைய அப்பா டாக்டர் வேலையையே நிறுத்தினார், அம்மா சம்பளத்தில் வீடு ஓடியது. 2024இல் 18 வயதில் செஸ் உலக சாம்பியன். நீங்கள் தளர்ந்தால் பிள்ளையும் தளரும்.

பழைய பாயிண்ட் கார்டு:

ஜெயித்த வீட்டைப் பற்றித்தான் பேப்பரில் எழுதுவார்கள். அதே மாதிரி வேலையை விட்டு, பிள்ளை பாதியில் நின்றுபோன வீடு எத்தனை என்று யார் எழுதினார்கள்? தியாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடன் பிள்ளையின் முட்டியில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ரெண்டாவது பிள்ளை:

நாலு பத்தி எழுதியிருக்கிறீர்கள் சார், மகனைப் பற்றி ஒரே ஒரு வரி. கோபமாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கேலரியில் வளர்ந்த தம்பி.

என் அண்ணன் ஓட்டக்காரன். எங்கள் வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் முதல் கேள்வி அவனுடைய டைமிங். எனக்கு அவனைப் பிடிக்கும், அவன் ஜெயித்தால் பள்ளியில் நான்தான் முதலில் பீற்றிக்கொள்வேன், ஆனால் அவன் தோற்ற நாளில் வீடு முழுக்க மௌனமாகிவிடும் பாருங்கள், அந்த மௌனத்தில் நான் வாங்கிய மார்க்கைச் சொல்ல இடமே இருக்காது. சில நாள் அவன் தோற்கட்டும் என்று நினைத்ததும் உண்டு. இதை 30 வயது தாண்டித்தான் அவனிடம் சொன்னேன். அவன் சொன்னான், "உனக்காவது வீட்டுக்கு வந்தா ஆட்டம் முடிஞ்சிரும், எனக்கு வீட்லதான்டா ஆரம்பிக்கும்."

மகனிடம் கேட்டுப் பாருங்கள். அக்காவைப் பற்றி இல்லை, அவனைப் பற்றி.

பயிற்சியாளன்:

20 வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அதைவிட அதிகமாகப் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். ரெண்டாவது பிள்ளை சொன்னது சத்தியம். ழான் கோத்தே என்ற ஆய்வாளர் திறமையான பிள்ளைகள் இருந்த நாலே நாலு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதில் பெற்றோர் முன்னால் நின்று வழிகாட்டுகிறார்கள், பிள்ளை வளர வளரப் பின்னால் வந்து தாங்குகிறவர்களாக மாறுகிறார்கள், வீட்டின் நேரமும் பணமும் ஒரே பிள்ளை பக்கம் சாயும்போது கூடப்பிறந்ததுக்குப் பொறாமையும் கசப்பும் வருகிறது என்று அதில் இருக்கிறது. நாலு குடும்பம்தான், ஆனால் எந்த கேலரியிலும் போய் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

கேலரி அப்பா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெயித்தால் "ஜெயிச்சுட்டோம்", தோற்றால் "அவ ஃப்ரீ த்ரோவை விட்டுட்டா" என்று சொன்னதுண்டா? எல்லாரும் சொல்வதுதான். கல்லூரி மாணவர்கள் தங்கள் டீம் ஜெயித்தால் 'நாங்கள்' என்றும் தோற்றால் 'அவர்கள்' என்றும் பேசுவதை 1976இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த 'ட்டோம்' இப்போது உங்களுக்கு இல்லாமல் போய்விட்டது, அதனால்தான் போனைக் கவிழ்த்து வைத்தீர்கள். அது பொறாமையோ என்னவோ, இழப்பும்தான்.

மகளுக்கு ஒரு யோசனை. டீமை விட்டு அவளைத் தள்ளி வைக்காதீர்கள், ஆனால் பெஞ்சில் சும்மா உட்கார வைப்பதும் கொடுமை. ஸ்கோர் மேசையில் ஒரு வேலை கேளுங்கள். ஃபவுல், டைம் அவுட் எல்லாம் எழுதிப் பழகினால் ஆட்டம் வேறு மாதிரி தெரியும். அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

கேலரி அப்பா:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். "ஜெயிச்சுட்டோம்" கேள்விக்கு மனைவியே சிரித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டாள்.

மகள் ஸ்கோர் மேசைக்கு ஒருநாள் போனாள். திரும்பும்போது கண் சிவந்திருந்தது, ஆனால் வழி முழுக்கப் பேச்சு, எதிர் டீமுக்கு ஐந்தாவது டீம் ஃபவுல் வந்ததை அவர்களுடைய கோச்சே கவனிக்கவில்லையாம். அடுத்த வாரமும் போகிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

மகனிடமும் கேட்டேன். ரொம்ப நேரம் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அப்புறம், "அக்காவுக்கு அடிபட்டதில இருந்து சனிக்கிழமை நீங்க வீட்ல இருக்கீங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. அத அக்கா முன்னாடி சொன்னா தப்பா?" என்றான்.

இந்தச் சனிக்கிழமை அவனும் நானும் வெளியே போகிறோம். எங்கே என்பதை அவன்தான் முடிவு செய்யப் போகிறான், இன்னும் செய்யவில்லை.